போர்ஷே 718 கேமன்: பாலக்காட்டுக் கணவாயில் வேகமும் மைலேஜும்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் பெட்ரோலுக்கே சொத்தை எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கள் தமிழ்நாடு–கேரள எல்லைப் பகுதியில் மிக ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பழைய போர்ஷே 718 கேமன் ஒன்றை வாங்கிக் கொழிஞ்சாம்பாறையில் நிறுத்தியிருக்கும் என்னிடம், காரின் விலையைக் கேட்பவர்களைவிட ‘லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது’ என்று கேட்பவர்களே அதிகம். அந்தக் கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாது. எந்த வேகத்தில், எந்தத் திசையில், எந்த மாதத்தில் ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்து இந்தக் காரின் மைலேஜ் பெரிதும் மாறுகிறது. தொழில் நிமித்தமாகக் கோயம்புத்தூருக்கும் திருச்சூருக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 544-இல் அடிக்கடி ஓட்டிப் பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட முடிவு, நெடுஞ்சாலையில் நிலையான வேகத்தில் செல்லும்போது இந்தக் கார் சிக்கனமானது என்பதே. அந்தச் சிக்கனம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கணக்கோடு எழுத விரும்புகிறேன்.

முதலில் காரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருவர் மட்டுமே அமரக்கூடிய இந்தக் காரில், இருக்கைகளுக்குப் பின்னால், பின்சக்கர அச்சுக்கு முன்னால், 1,988 சிசி கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பாக்ஸர் (சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும்) டர்போ எஞ்சின் இருக்கிறது. அதன் ஆற்றல் 300 குதிரைத்திறன். முறுக்கு விசை 380 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 1,950 சுழற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. என்னுடைய காரில் இருப்பது இரட்டை கிளட்ச் கொண்ட பிடிகே எனப்படும் ஏழு கியர் தானியங்கிப் பெட்டி. இதற்கு முந்தைய தலைமுறைக் கேமனில் 2.7 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. அந்த எஞ்சினின் ஒலிக்குப் பழகியவர்களுக்கு இந்த நான்கு சிலிண்டரின் ஒலி உவப்பாக இருக்காது. எனக்கும் பழைய ஒலியே பிடிக்கும். ஆனால் மைலேஜ் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால், கொள்ளளவு குறைந்து டர்போ சேர்ந்தது நன்மையாகவே முடிந்திருக்கிறது.

நெடுஞ்சாலையில் ஒரு கார் நிலையான வேகத்தில் ஓடும்போது, அது முக்கியமாக இரண்டு தடைகளை எதிர்த்து உழைக்கிறது. ஒன்று, டயர் உருளும்போது ஏற்படும் தடை. இது வேகத்தால் பெரிதாக மாறுவதில்லை. மற்றொன்று காற்றின் தடை. இது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது; வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். ஒரு வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் காட்டும் எண்ணான காற்றுத்தடைக் கெழு கேமனுக்குச் சுமார் 0.30; உயரம் 1,295 மில்லி மீட்டர் மட்டுமே என்பதால் அது காற்றுக்குக் காட்டும் முகப்பரப்பு சுமார் 2 சதுர மீட்டர்தான். ஓட்டுநரையும் பையையும் சேர்த்து எடை 1,500 கிலோ என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், சமதளத்தில் காற்று வீசாத வேளையில் 80 கி.மீ. வேகத்தைத் தக்கவைக்கச் சக்கரங்களுக்குச் சுமார் 10 குதிரைத்திறன் போதும். 100 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 17-உம், 120 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 25-உம் தேவைப்படுகின்றன. அதாவது நான்கு வழி நெடுஞ்சாலையில் சட்டம் அனுமதிக்கும் 100 கி.மீ. வேகத்தில் பயணம் செய்யும்போது, நாம் காசு கொடுத்து வாங்கிய 300 குதிரைகளில் இருபதுக்கும் குறைவானவையே வேலை செய்கின்றன.

தேவைப்படும் ஆற்றல் 80-க்கும் 120-க்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது என்பதைக் கண்டு, பெட்ரோல் செலவும் இரண்டரை மடங்காகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. 120-இல் ஒவ்வொரு கிலோமீட்டரையும் குறைந்த நேரத்தில் கடந்துவிடுகிறோம். ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் உழைப்பு சுமார் 1.6 மடங்காகத்தான் உயர்கிறது. அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு; ஸ்போர்ட்ஸ் காருக்கே உரிய இந்தக் காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. பெட்ரோல் எஞ்சின் ஒன்று தன் ஆற்றலில் மிகச் சிறிய பங்கை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கும்போது திறமையாக வேலை செய்வதில்லை. காற்றை உள்ளிழுக்கும் வழி ஏறக்குறைய மூடியிருக்க, அந்த இடுக்கின் வழியே காற்றை இழுப்பதற்கும், தன் உள் உராய்வை வெல்வதற்குமே எரிபொருளில் கணிசமான பங்கை எஞ்சின் செலவிட்டுவிடுகிறது. வேகம் கூடிச் சுமை ஏறும்போது இந்த வீணடிப்பின் விகிதம் குறைகிறது. ஆகவே காற்றுத்தடை ஒரு பக்கம் மைலேஜைக் கீழே இழுக்க, எஞ்சினின் திறன் மறுபக்கம் அதைச் சற்றே தாங்கிப் பிடிக்கிறது. பெரிய எஞ்சின் கொண்ட காரில் வேகத்தால் மைலேஜ் சரிவது நாம் எதிர்பார்ப்பதைவிட மெதுவாக இருப்பதற்கு இதுவே காரணம். இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: சிறிய ஹேட்ச்பேக் கார் 50 கி.மீ. வேகத்தில் தரும் மைலேஜை, மெதுவாகப் போவதால் மட்டும் இந்தக் காரிலிருந்து பெற்றுவிட முடியாது.

இந்த இடத்தில் பிடிகே பெட்டியின் ஏழாவது கியர் மிகவும் பாராட்டத்தக்க வேலையைச் செய்கிறது. இந்தக் காரின் உச்ச வேகமான 275 கி.மீ. ஆறாவது கியரிலேயே எட்டப்படுகிறது. ஏழாவது கியர் முழுக்க முழுக்கச் சிக்கனத்துக்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் 2,000 சுழற்சிக்குக் கீழே அமைதியாக ஓடுகிறது. சுழற்சி குறைந்தால் உராய்வு குறையும். அதே ஆற்றலைக் குறைந்த சுழற்சியில் கொடுக்க வேண்டியிருப்பதால் காற்றுவழி இன்னும் சற்றுத் திறந்திருக்கும். முறுக்கு விசை அடிமட்டத்திலேயே கிடைப்பதால், சிறு ஏற்றம் வந்தாலும் கியரைக் கீழே இறக்காமல் ஏறிவிடுகிறது.

என்னுடைய அனுபவத்தில், டேங்கை நிரப்பி ஓட்டி மீண்டும் அதே பெட்ரோல் பங்க்கில் நிரப்பிப் பார்க்கும் பழைய முறையில், ஏசி ஓடிக்கொண்டிருக்க, 80 கி.மீ. வேகத்தை ஒட்டி ஓட்டினால் லிட்டருக்குச் சுமார் 17 கி.மீ. கிடைக்கிறது. 100 கி.மீ. வேகத்தில் அது 15-ஐ ஒட்டி நிற்கிறது. 120 கி.மீ. வேகத்துக்கு நான் சொல்லக்கூடியது கணக்கின் வழி வரும் 13 மட்டுமே. கேரளத்தில் 2023 ஜூலை முதல் கார்களுக்கு நான்கு வழித் தேசிய நெடுஞ்சாலையில் 100, ஆறு வழித் தேசிய நெடுஞ்சாலையில் 110 என்பதே வரம்பு என்பதால் அந்த வேகத்தை இந்தச் சாலையில் சோதித்துப் பார்ப்பது முறையன்று. இந்த எண்களை நேரத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவற்றின் பொருள் விளங்குகிறது. நூறு கிலோமீட்டர் தூரத்தை 80-க்குப் பதிலாக 100 வேகத்தில் கடந்தால் பதினைந்து நிமிடங்கள் மிச்சமாகின்றன. அதற்குக் கொடுக்கும் விலை முக்கால் லிட்டரைச் சற்றே தாண்டிய பெட்ரோல். 100-இலிருந்து 120-க்கு உயர்ந்தால் மிச்சமாவது பத்து நிமிடங்கள்தான். விலையோ ஒரு லிட்டர். முதல் பேரம் நியாயமானது என்றே நினைக்கிறேன். இரண்டாவதை, சட்டம் இடம் கொடுத்தாலும் நான் ஏற்க மாட்டேன்.

சமதளத்தில் காற்றில்லாத வேளை என்று மேலே சொன்னேன். எங்கள் சாலையில் அப்படியொரு வேளை அமைவது அரிது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நீண்ட சுவரில் முப்பது கிலோமீட்டருக்கும் மேல் அகன்று கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயின் நடுவே அல்லவா இந்த நெடுஞ்சாலை செல்கிறது! தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அரபிக்கடலிலிருந்து வரும் காற்று இந்த வாசல் வழியாகத்தான் கொங்கு நாட்டுக்குள் நுழைகிறது. பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்கு இந்தக் காற்றே காரணம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்வார்கள்; அந்தக் காற்றை நேருக்கு நேர் எதிர்கொண்டு, எல்லையில் இருக்கும் வாளையாரிலிருந்து பாலக்காட்டை நோக்கி ஓட்டும்போது, ஸ்பீடோமீட்டர் முள் காட்டும் வேகத்துக்கும் கார் உண்மையில் கிழித்துச் செல்லும் காற்றின் வேகத்துக்கும் தொடர்பே இல்லாமல் போய்விடுகிறது.

எதிர்க்காற்று மணிக்கு 25 கி.மீ. என்று கொள்வோம். நாம் 90-இல் ஓட்டினால் காற்றைப் பொறுத்தவரை கார் 115-இல் ஓடுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், மொத்தத் தடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளுமே, இரண்டும் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். சரியாகாது. தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், எதிர்க்காற்று எடுத்துக்கொண்டதை முழுவதுமாகப் பின்காற்று திருப்பிக் கொடுப்பதில்லை. போக வரச் சேர்த்துப் பார்த்தால் சிறிதளவு நட்டம் எப்போதும் மிஞ்சும். இந்த நட்டத்தைக் குறைக்க ஓட்டுநர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எதிர்க்காற்றில் வேகத்தைப் பத்துக் கிலோமீட்டர் குறைத்து, பின்காற்றில் அந்தப் பத்தைச் சேர்த்துக்கொண்டால், பயண நேரம் ஏறக்குறைய அப்படியே இருக்க, பெட்ரோல் குறைகிறது. வேகத்தைத் தானே தக்கவைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலில் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு இரு திசையிலும் ஓட்டுவதைவிட இது நல்லது.

காற்றோடு சரிவும் சேர்ந்துகொள்வதுதான் இந்தச் சாலையின் தனித்தன்மை. கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாலக்காடு சுமார் 80 மீட்டர்தான். ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் 330 மீட்டர் இறக்கம் என்பது கண்ணுக்குத் தெரியாத சரிவு. ஓட்டுபவர்கள் பலர் அதைச் சமதளம் என்றே நினைக்கிறார்கள். பெட்ரோலின் ஆற்றலில் சுமார் நான்கில் ஒரு பங்கையே எஞ்சின் உழைப்பாக மாற்றுகிறது என்று எடுத்துக்கொண்டால், 1,500 கிலோ எடையை அந்த உயரத்துக்கு ஏற்றுவதற்கு மட்டும் சுமார் 0.6 லிட்டர் பெட்ரோல் வேண்டும். மொத்தமே மூன்றரை லிட்டரில் முடியும் பயணத்தில் இது சிறிய பங்கு அன்று. பருவமழைக் காலத்தில் மேற்கே போகும்போது இறக்கம் உதவுகிறது, காற்று தடுக்கிறது. கிழக்கே வரும்போது ஏற்றம் இழுக்கிறது, காற்று தள்ளுகிறது. ஒன்று மற்றொன்றைப் பெருமளவு ஈடுகட்டிவிடுவதால் இரு திசைகளிலும் மைலேஜ் நெருங்கியே வருகிறது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் நிலைமை தலைகீழாகிறது. பாலக்காட்டு மலையாளிகள் விருச்சிகக் காற்று என்று அழைக்கும் கீழைக்காற்று அப்போது கிழக்கிலிருந்து மேற்காகக் கணவாயைக் கடக்கிறது. இறக்கமும் பின்காற்றும் ஒன்றாகக் கைகொடுக்க, கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு வரும்போது காரின் திரை நம்ப முடியாத எண்களைக் காட்டும். அந்த எண்ணைக் கைப்பேசியில் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்புபவர்களை நான் அறிவேன். திரும்பும்போது ஏற்றமும் எதிர்க்காற்றும் சேர்ந்து தரும் எண்ணையும் அவர்கள் அனுப்பினால்தான் அது மைலேஜ் ஆகும். இந்தப் பகுதியில் ஒரு காரைச் சோதித்து வாங்க நினைப்பவர்கள், ஒரு திசைப் பயணத்தின் எண்ணை எக்காரணம் கொண்டும் ஏற்க வேண்டாம் என்று வலியுறுத்துகிறேன்.

வேகத்தின் அளவைப் போலவே அதன் நிலைத்தன்மையும் முக்கியம். 100 கி.மீ. வேகத்தில் ஓடும் இந்தக் காரைப் பிரேக் போட்டு முழுவதும் நிறுத்தி, மீண்டும் அதே வேகத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 70 மில்லி லிட்டர் பெட்ரோல் செலவாகிறது. நிலையான வேகத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு ஆகும் பெட்ரோல் அது. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையை ஒட்டி லாரிகள் சாலையில் சேர்வதும் பிரிவதுமாக இருக்கும் பகுதியில், சிக்னலுக்குச் சிக்னல் பாய்ந்து நிற்பவர் ஒவ்வொரு பாய்ச்சலிலும் ஒரு கிலோமீட்டரை இழக்கிறார். 300 குதிரைத்திறன் இருக்கும்போது பாயத் தோன்றுவது இயல்பு. ஸ்போர்ட்ஸ் கார்களுக்குக் கிடைத்திருக்கும் அவப்பெயரில் பெரும் பங்கு இதனால் வந்ததே தவிர, நிலையான வேகத்தால் வந்ததன்று. வடக்கஞ்சேரியைத் தாண்டிய ஆறு வழிப் பகுதியில் இந்தத் தொல்லை குறைவு. 2021-இல் குதிரான் சுரங்கப்பாதையின் முதல் வழி திறக்கப்படுவதற்கு முன்பு, அந்தக் குன்றின் வளைவுகளில் லாரிகளுக்குப் பின்னால் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, இன்று மண்ணுத்தி வரை ஏழாவது கியரிலேயே செல்ல முடிவதன் அருமை தெரியும்.

எதிரே இறங்குமுகமோ சுங்கச்சாவடியோ தெரிந்தவுடன் காலை மெல்ல எடுத்துவிட்டால், சாதாரண முறையில் ஓடும் பிடிகே பெட்டி எஞ்சினைச் சக்கரங்களிலிருந்து பிரித்துவிட்டு ஐட்லிங்கில் ஓடவிடுகிறது; கார் தன் உந்துதலிலேயே வெகுதூரம் வழுக்கிச் செல்கிறது. வாளையார் தாண்டி பாம்பாம்பள்ளம் சுங்கச்சாவடியை நெருங்கும்போது இதை நான் விரும்பிப் பயன்படுத்துகிறேன். ஸ்போர்ட் முறைக்கு மாற்றினால் இந்த வசதி நின்றுவிடும். கியர்களும் தாமதமாகவே மாறும். நெல்லியாம்பதி மலைப்பாதைக்கு ஸ்போர்ட் முறை பொருத்தமானது, நெடுஞ்சாலைக்குத் தேவையில்லை.

ஏசியைப் பற்றி ஒரு சொல். அது நேரத்தைப் பொறுத்துப் பெட்ரோலை எடுத்துக்கொள்கிறது, தூரத்தைப் பொறுத்து அன்று. ஆகவே ஊருக்குள் ஊர்ந்து செல்லும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதன் பங்கு அதிகம், நெடுஞ்சாலையில் குறைவு. நெடுஞ்சாலை வேகத்தில் கண்ணாடியைத் திறந்து வைத்தால் காற்றுத்தடைதான் கூடும். பின்சக்கரங்களில் இருக்கும் அகலமான டயர்களின் காற்றழுத்தம் குறைந்திருந்தால் உருளல் தடை கூடுவதால், மாதம் ஒருமுறையாவது டயர்கள் சூடாவதற்கு முன் காலையிலேயே அழுத்தத்தைச் சரிபார்ப்பது நல்லது.

நிறுவனம் இந்தக் கார் அறிமுகமானபோது அறிவித்த எண், பிடிகே கியர்பெட்டிக்கு நூறு கிலோமீட்டருக்கு 6.9 லிட்டர்; அதாவது லிட்டருக்கு 14.5 கி.மீ. அது பழைய ஐரோப்பியச் சோதனை முறையில் ஆய்வுக்கூடத்தில் அளந்தது. அந்தச் சோதனையில் மொத்த ஓட்டமே 11 கி.மீ. அளவுதான், சராசரி வேகம் மணிக்குச் சுமார் 34 கி.மீ.; 120-ஐத் தொட்டாலும் சில விநாடிகளே அங்கே நிற்கும். நெடுஞ்சாலைப் பயணத்துக்கும் இதற்கும் உறவு குறைவு என்பதால், இந்த எண்ணை நான் எட்டுகிறேன் என்பதில் பெருமைப்பட ஏதுமில்லை. மேலும், நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றலே இருப்பதால், இந்தக் கலவையில் கலப்பில்லாத பெட்ரோலைவிடச் சுமார் 7 விழுக்காடு ஆற்றல் குறைவு. பழைய காரை வாங்குபவர், அது எந்த அளவு எத்தனாலை ஏற்கும் என்று எரிபொருள் மூடியின் உட்புறத்திலும் கையேட்டிலும் பார்த்துவிட்டே வாங்க வேண்டும்.

உயரமான எஸ்யூவி வைத்திருக்கும் உறவினர்கள் என் எண்களை நம்ப மறுப்பதுண்டு. உயரமும் அகலமும் சேர்ந்த அவர்களுடைய வண்டி காற்றுக்குக் கொடுக்கும் தடை, இந்தக் காரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. 60 கி.மீ. வேகத்தில் அது பெரிய வேறுபாடாகத் தெரியாது. 100-இல் நன்றாகவே தெரியும். அதே ஆற்றல் கொண்ட பெட்ரோல் எஸ்யூவி ஒன்றை வாங்க நினைப்பவருக்கு, எரிபொருள் செலவு என்ற காரணத்தைக் காட்டிக் கேமனை மறுக்க இடமில்லை. குடும்பத்தோடு பயணம் செய்ய இரண்டு இருக்கைகள் போதாது, டயரும் பராமரிப்பும் விலை மிகுந்தவை என்பன வேறு காரணங்கள், அவை நியாயமானவையே. கொச்சி வரை தனியாகவோ இருவராகவோ அடிக்கடி போய்வரும் ஒருவருக்கு, இந்தச் சாலைக்கு, இந்தக் காரை நான் முழுமனதோடு பரிந்துரைக்கிறேன்.

வாங்கும்போது டேங்கின் அளவை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாக வந்தது 54 லிட்டர். கூடுதல் விலைக்கு 64 லிட்டர் டேங்கும் இருந்தது. கேரளம் 2023 ஏப்ரல் முதல் லிட்டருக்கு இரண்டு ரூபாய் சமூகப் பாதுகாப்புத் தீர்வையைச் சேர்த்த பிறகு, எல்லைக்கு இந்தப் பக்கம் பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிட நன்றாகவே கூடியிருக்கிறது. பெரிய டேங்க் உள்ள கார் கிடைத்தால், கோயம்புத்தூர்ப் பக்கம் நிரப்பிக்கொண்டு கொச்சிக்குப் போய்த் திரும்பி, மீண்டும் ஒருமுறை போய்வந்த பிறகும், அடுத்த நிரப்பலை வாளையாருக்குக் கிழக்கே வைத்துக்கொள்ளலாம்.